முகட்டில் ஒரு கோயில், முகட்டில் ஓர் எல்லை: நீர்பிரிமேடு என்றால் என்ன?

2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் ஐந்து நாள் சண்டை போட்டன. கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நடுநடுவே மலை உச்சியில் நிற்கும் பிரியா விகார் என்ற பழைய சிவன் கோயிலின் படத்தைக் காட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மாமா, அந்தக் கோயில் எந்த நாட்டுல இருக்கு?”

“கம்போடியாவுலதான். ஆனா தாய்லாந்து ரொம்ப காலமா தன்னோடதுன்னு சொல்லிட்டு இருந்துச்சு.”

“கோயில் என்ன இடம் விட்டு இடம் நடந்தா போகுது? எந்த நாட்டுல இருக்குன்னு கூடவா தெரியாது?”

அன்றைக்கு நல்ல சாரல். அவளை வாசலுக்குக் கூட்டிவந்து எங்கள் தகரக் கூரையைப் பார்க்கச் சொன்னேன். கூரையின் உச்சியில் முகட்டுத் தகரம் ஓடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் விழும் தண்ணீர் வாசலில் சொட்டி ரோட்டோரச் சாக்கடையில் சேர்ந்துவிடும். அந்தப் பக்கம் விழுவது கொல்லையில் வழிந்து பூண்டுப் பாத்திக்குப் போகும். மேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு துளிகள், முகட்டில் ஒரு விரல்கடை தள்ளி விழுந்த காரணத்தால் வேறு வேறு இடம் போய்ச் சேர்கின்றன. அந்த முகட்டுக் கோட்டுக்குத்தான் நீர்பிரிமேடு என்று பெயர். வீட்டுக் கூரைக்கு இருப்பதுபோல மலைக்கும் அது உண்டு. நாட்டு எல்லை, மாநில எல்லை என்று எழுதுகிறவர்கள் மலைப் பகுதி வந்தால் பெரும்பாலும் இந்தக் கோட்டைத்தான் பிடிப்பார்கள். அந்தக் கோயில் வழக்குக்கு வேரும் இதுதான்.

நம் பழனி மலையே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒரு பெரிய கூரை. வடக்குச் சரிவில் விழும் மழை பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று இறங்கிச் சண்முகநதியில் சேர்கிறது. குதிரையாறு தனியாக இறங்குகிறது. எல்லாம் அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. தெற்குச் சரிவில் விழுவது மஞ்சளாறு, வராகநதி, மருதாநதி வழியாக வைகையில் சேர்கிறது. பெரியகுளத்துக்காரரும் பழனிக்காரரும் ஒரே மலையின் மழையைத்தான் குடிக்கிறார்கள், ஆனால் அது ஒரே ஆற்றின் தண்ணீர் இல்லை.

பிள்ளைகளுக்கு இதைக் கண்ணகி கதையோடு சேர்த்துச் சொன்னால் சட்டென்று மனதில் நிற்கும். அவள் பிறந்த புகார், காவிரி கடலில் கலக்கும் இடம். கணவனை இழந்த மதுரை, வைகைக் கரை. நம் முகட்டில் விழும் ஒரு துளி புகாருக்குக் கிளம்புகிறது, பக்கத்துத் துளி மதுரைக்குக் கிளம்புகிறது. இன்னும் தென்மேற்கே போனால் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே இன்னொரு முகடு. அது வைகையையும் பெரியாற்றையும் பிரிக்கிறது. மலைக்குறவர்கள் வந்து செங்குட்டுவனிடம் கண்ணகியைப் பற்றிச் சொன்னது பேரியாற்றங்கரையில் என்கிறது சிலப்பதிகாரம். சோழன், பாண்டியன், சேரன் என்று நாம் மனப்பாடம் செய்த மூன்று நாடுகளுக்கும் நடுவில் இந்த மலைகளின் முகடுகள் கிடக்கின்றன. அந்தத் தென்மேற்கு முகட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கேயும் ஒரு கோயில் இருக்கிறது.

எல்லைக்கு ஏன் இந்தக் கோடு?

ஆற்றை எல்லையாக வைத்தால் வெள்ளத்துக்கு வெள்ளம் அது தடம் மாறும். மணல்திட்டு ஒரு வருடம் இந்தக் கரையில், மறு வருடம் அந்தக் கரையில். மலைமுகடு அப்படி நகராது. அடிக்கு ஒரு எல்லைக் கல் நட வேண்டியதும் இல்லை. அதனால்தான் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரு முறைகூட ஏறிப் பார்க்காத மலைகளுக்கெல்லாம் “எல்லை நீர்பிரிமேட்டை ஒட்டிச் செல்லும்” என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

எழுதுவது சுலபம். மலையில் ஏறி அந்தக் கோட்டைக் காட்டுவதுதான் கடினம். மலைமுகடு எல்லா இடத்திலும் எங்கள் வீட்டுத் தகரம்போல மடிந்து இருப்பதில்லை. மன்னவனூர்ப் பக்கத்துப் புல்வெளியில் நின்று பாருங்கள். மேடும் பள்ளமுமாக அலையலையாக நிலம். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று மழை நாளில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும், சில இடங்களில் அது தேங்கி நின்று யோசிக்கும். இன்னொரு வகை, பாறை விளிம்பு. நிலம் ஒரு பக்கம் மெதுவாக ஏறி ஏறி வந்து, மறுபக்கம் ஒரேயடியாக வெட்டி விட்டதுபோல் விழும். கொடைக்கானலின் தெற்கு விளிம்பில் தூண்பாறைப் பக்கம் நின்றவர்களுக்கு மலை திடீரென்று முடிந்துபோவது என்னவென்று தெரியும். அப்படிப்பட்ட மலையில் நீர்பிரிமேடு நட்ட நடுவில் இருக்காது. கிட்டத்தட்ட விளிம்பிலேயே இருக்கும். ஒரு பாறைத் துண்டு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் கோடு ஐம்பது அடி இங்கே வரும், அங்கே போகும்.

எல்லைக்காரர்கள் தேடிய அதே முகட்டை, அவர்களுக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோயில் கட்டியவர்களும் தேடிப் போயிருந்தார்கள். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை. பழனியில் அவன் குன்றின் மேல் நிற்கிறான். எங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் மலைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். உச்சியில் கட்டினால் இரு பக்கத்து ஊரும் பார்க்கும், இரு பக்கத்து மக்களும் ஏறி வருவார்கள் என்பதுதான் கட்டியவர்களின் கணக்கு. பிரிக்கிற கோடு என்ற எண்ணமே அவர்களுக்கு அங்கே இல்லை. ஆக, எல்லைக் கோட்டில் கோயில் மாட்டிக்கொள்வது விபத்து இல்லை. ஒரே இடத்தை இரண்டு காலத்து மனிதர்கள் இரண்டு எதிரெதிர்க் காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லா மலை எல்லையும் நீர்பிரிமேட்டில் இல்லை. பழனி மலையின் மேல்பகுதியான மேல்மலையிலிருந்து மேற்கே இறங்கினால் வரும் வட்டவடை, காந்தளூர், மறையூர் எல்லாம் கேரளம். ஆனால் அங்கே விழும் மழை பாம்பாறாகிக் கிழக்கே அமராவதிக்குத்தான் வருகிறது. நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்து அட்டப்பாடிக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. இங்கெல்லாம் பழைய சமஸ்தான எல்லை, தோட்டங்களின் எல்லை, 1956 மாநிலச் சீரமைப்பு எல்லாம் சேர்ந்து கோட்டை இழுத்திருக்கின்றன. “தண்ணீர் நம் பக்கம் வருகிறது, அதனால் நிலமும் நம்முடையது” என்று ஒருவர் மேடையில் பேசினால், முதலில் எந்த ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

காவடித் தண்டு என்று ஒரு மலை

தொலைக்காட்சியில் பார்த்த கோயிலின் பெயர் பிரியா விகார் என்றேனே. ‘விகாரம்’ நமக்குத் தெரிந்த சொல்தான். அது நிற்கும் மலைத்தொடர் டாங்ரெக். கம்போடியர்கள் பேசும் கெமர் மொழியில் அந்தப் பெயருக்குத் தோளில் வைத்து இரு பக்கமும் சுமை தொங்கவிடும் தண்டு என்று பொருள். நம் ஊரில் சொன்னால் காவடித் தண்டு. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் தண்டில் கட்டித் தூக்கி வந்த இடும்பன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நீர்பிரிமேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. தண்டு ஒன்று, சுமை இரு பக்கம்.

கோயில் கிழக்கு பார்த்து இல்லை, வடக்கு பார்த்து இருக்கிறது. வடக்கே, அதாவது தாய்லாந்துப் பக்கம், நிலம் மெதுவாக ஏறி வருகிறது. படிகளும் கல் பாவிய பாதையுமாகச் சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வாசல்கள். அந்த வாசல்களை அங்கேயும் ஆய்வாளர்கள் கோபுரம் என்றே சொல்கிறார்கள். ஒன்றின் முகப்பில் பாற்கடல் கடையும் காட்சி. கீழே ஆமை, மேலே மத்து, இரு பக்கமும் பாம்பைப் பிடித்து இழுப்பவர்கள். நம் ஊர்த் தூணில் பார்த்ததுபோலவே இருக்கும். கடைசியாகச் சிகரேஸ்வரரின் கருவறை, இன்று இடிந்து கிடக்கிறது. அதற்குப் பின்னால் சில எட்டு வைத்தால் பாறை முடிந்துபோகும். கீழே கம்போடியச் சமவெளி பச்சையாக விரிந்து கிடக்கும். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இடம் இது. இன்று காணும் கட்டடங்களில் பெரும்பகுதி 11, 12ஆம் நூற்றாண்டுகளில் முதலாம் சூரியவர்மன், இரண்டாம் சூரியவர்மன் காலத்து வேலை. இரண்டாமவன்தான் அங்கோர்வாட்டைக் கட்டியவன்.

நிலத்தின் சரிவைக் கவனித்தீர்களா? வடக்கே மெல்லிய ஏற்றம், தெற்கே செங்குத்து விளிம்பு. நான் மேலே சொன்ன இரண்டாவது வகை மலை.

1904 பிப்ரவரியில் சயாமும் (இன்றைய தாய்லாந்து) கம்போடியாவை ஆண்ட பிரான்சும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒரு பக்கம் சென் ஆறு, மேகாங் ஆறு, மறுபக்கம் மூன் ஆறு, இவற்றின் படுகைகளைப் பிரிக்கும் முகடுதான் எல்லை என்று எழுதினார்கள். இரு தரப்பும் சேர்ந்த ஒரு குழு நேரில் போய்க் கோட்டை முடிவு செய்யும் என்றும் எழுதினார்கள். வரைபடம் போடும் வேலையைச் சயாம் பிரெஞ்சு அதிகாரிகளிடமே ஒப்படைத்தது. 1907இல் பதினோரு வரைபடங்கள் பாரிசில் அச்சாகி, 1908இல் சயாமின் கைக்கு வந்தன. டாங்ரெக் வரைபடத்தில் எல்லைக் கோடு கோயிலுக்கு வடக்கே போனது. கோயில் முழுவதும் பிரெஞ்சுப் பக்கம்.

அந்த வரைபடத்தின் அளவு 1:2,00,000. ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 200 மீட்டர். அக்கா மகளிடம் ஸ்கேலைக் கொடுத்து 800 மீட்டர்க் கோயில் எவ்வளவு வரும் என்று கேட்டேன். நாலு மில்லிமீட்டர். ஒரு அரிசி மணியின் நீளம்கூட இல்லை. சாதாரணப் பென்சிலால் அரை மில்லிமீட்டர்த் தடிமனில் கோடு போட்டால் அந்தக் கோட்டின் அகலமே தரையில் 100 மீட்டர். ஆயிரம் ஆண்டுக் கோயிலின் தலையெழுத்து அந்த அரிசி மணிக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதில் தொங்கியது.

சயாம் அப்போது எதிர்ப்புச் சொல்லவில்லை. உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் டாம்ரோங் வரைபடங்களுக்கு நன்றி சொல்லி, மாகாண ஆளுநர்களுக்கு அனுப்ப ஒவ்வொன்றிலும் இன்னும் பதினைந்து பிரதி கேட்டார். 1930இல் அவரே கோயிலைப் பார்க்கப் போனார். அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது, பிரெஞ்சு அதிகாரி சீருடையில் வரவேற்றார். விருந்தாளியாகப் போய்விட்டு வந்து, எடுத்த படங்களையும் அனுப்பிவைத்தார். 1934–35இல் சயாம் தானே அளந்து பார்த்தபோது வரைபடக் கோட்டுக்கும் நிஜ முகட்டுக்கும் வித்தியாசம் இருப்பது தெரிந்தது. அப்போதும் முறையான ஆட்சேபம் எழவில்லை.

கம்போடியா 1953இல் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டு தாய்லாந்துப் படை கோயிலில் வந்து உட்கார்ந்தது. 1959இல் கம்போடியா ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1962 ஜூன் 15 அன்று ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு: கோயில் கம்போடியாவுக்கே. கோயிலிலிருந்து எடுத்துப்போன சிற்பங்கள் முதலானவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்கு ஏழுக்கு ஐந்து.

இந்தத் தீர்ப்பில் ஆரம்ப வாசகர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. நிஜமான நீர்பிரிமேடு எங்கே போகிறது என்று நீதிமன்றம் தீர்மானிக்கவே இல்லை. அது தேவையில்லை என்றது. வரைபடத்தைக் கையில் வாங்கி, பயன்படுத்தி, பல பத்தாண்டுகளாக வாய் திறக்காமல் இருந்ததே ஏற்றுக்கொண்டதற்குச் சமம் என்றது. சட்டத்தில் இதை மௌன இசைவு என்பார்கள்.

எங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒன்று நடந்தது. தாத்தாவின் படிக்கட்டுத் தோட்டத்துக்கு மேலே இருந்தவர் மண் சரியாமல் இருக்கக் கல்கட்டு எழுப்பினார். அது எங்கள் பக்கம் இரண்டடி உள்ளே வந்துவிட்டது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கல்கட்டின் மேல் உட்கார்ந்துதான் அவர்களோடு காபி குடிப்பார். பல வருடம் கழித்து அப்பா சர்வேயரைக் கூட்டி வந்து புலப்படத்தை வைத்து அளந்தார். கல் தள்ளித்தான் இருக்கிறது. மேல்தோட்டத்து அம்மா கேட்டது ஒரே கேள்வி: “கல்லு கட்டும்போது மாமா கூடவே நின்னாரு, ஒரு வார்த்தை சொல்லல. இப்ப காயிதத்தத் தூக்கிட்டு வந்தா எப்படித் தம்பி?” ஹேக் நீதிமன்றம் பல பக்கங்களில் எழுதியதை அந்த அம்மா இரண்டு வரியில் சொல்லிவிட்டார். (நம் ஊர் நிலவழக்கில் அனுபவ பாத்தியதைக்கு, அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமைக்கு, வேறு விதிகள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கும் விலை உண்டு என்ற இடத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.)

ஆக, மலை எல்லை என்பது ஒன்றல்ல, மூன்று. ஒப்பந்தத்தில் எழுதிய வார்த்தை, வரைபடத்தில் விழுந்த கோடு, தரையில் ஓடும் தண்ணீர். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிசகினால், இரு தரப்பும் அதன் பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்பது நாலாவதாக வந்து நிற்கும். பல வழக்குகளில் அதுதான் ஜெயிக்கும்.

விளக்கேற்றினாலும் வழக்கு

இங்கேதான் கோயில் பாழாவதற்கான காரணம் ஒளிந்திருக்கிறது. எனக்கு இது புரிய நாளாயிற்று, புரிந்தபின் மனது கனத்துவிட்டது.

நடந்துகொள்வதே சாட்சி என்றால், கோயிலுக்குச் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியமும் சாட்சியாகிவிடும். காவலுக்கு ஆள் போட்டால், “பார், நான்தான் சொந்தக்காரன்” என்று ஆகிறது. சரிந்த கல்லை நிமிர்த்தினால், கூரை வேய்ந்தால், விளக்கு வைத்தால், எல்லாம் உரிமை கோருவதாகவே எழுதப்படும். அதனால் எதிர்த் தரப்பு உடனே தடுக்கும். தடுக்காமல் விட்டால் அதுவே மௌன இசைவாகிவிடுமே! 1949இல் தாய்லாந்து பிரியா விகாரில் காவலாளிகளை வைத்தபோது பிரான்ஸ் ஆட்சேபக் கடிதம் அனுப்பியது இந்தக் கணக்கில்தான். அது இடிவது இரு தரப்புக்கும் கோயில் மேல் பாசம் இல்லை என்பதால் அல்ல. இருவருக்கும் பாசம் இருந்து, ஒருவர் தொட மற்றவர் விடாததால் இடிகிறது. எல்லைக் கோயில்கள் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்புக்குப் பிறகும் பிரியா விகாருக்கு நிம்மதி இல்லை. கம்போடியாவின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஏறுவதற்குக் கடினமான அந்தப் பாறை கோட்டையாக மாறியது. 1979இல் தாய்லாந்துக்குத் தப்பி வந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கம்போடிய அகதிகளைத் தாய்லாந்துப் படையினர் அந்தச் செங்குத்துச் சரிவில் கண்ணிவெடிகளுக்கு நடுவே கீழே திருப்பித் தள்ளினார்கள். சாமி பார்க்க வந்தவர்கள் ஏறிய மலை அது. கம்போடியாவை 1975 முதல் 1979 வரை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்துப் படையின் கடைசிப் பிரிவுகள் 1998 வரை அங்கே இருந்தன. 2008 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பராமரிக்க வழி பிறந்தது என்று பார்த்தால், அந்த அறிவிப்பே உரிமைப் பிரச்சினையைக் கிளறி இரு படைகளும் எதிரெதிரே வந்து நின்றன. 2011 பிப்ரவரிச் சண்டையில் கோயில் கற்களில் குண்டு பட்டது. 1962 தீர்ப்பு கோயிலைத்தான் சொன்னது, சுற்றியுள்ள நிலத்தைச் சொல்லவில்லை என்று தாய்லாந்து வாதாட, 2013 நவம்பர் 11இல் நீதிமன்றம் கோயில் நிற்கும் பாறை முனை முழுவதும் கம்போடியாவுக்கே என்று விளக்கம் கொடுத்தது. 2025இல் ஜூலையிலும் பிறகு டிசம்பரிலும் மறுபடி சண்டை. கோயிலைப் பாதுகாக்கும் சர்வதேசக் குழுவுக்கு இந்தியாவும் சீனாவும் இணைத் தலைமை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தங்கள் மலை எல்லையில் முரண்பட்டு நிற்கும் இரண்டு நாடுகள், இன்னொருவர் மலை எல்லையில் உள்ள கோயிலுக்காக ஒரே மேசையில் உட்காருகின்றன. எனக்கு அது நம்பிக்கை தருகிறது.

நம் முகட்டுக் கோயில்

கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. வைகையையும் பெரியாற்றையும் பிரிக்கும் முகடு என்று முன்னால் சொன்னேனே, அது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம். மேற்கே பெரியாறு புலிகள் காப்பகக் காடு, இடுக்கி மாவட்டம். மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து, பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தடியில் நின்று விண்ணகம் போனாள் என்கிறது காப்பியம். நெடுவேள் என்றால் முருகன். அந்தக் குன்று திருச்செங்கோடு என்று சொன்ன பழைய உரைகாரர்களும் உண்டு. வண்ணாத்திப்பாறைக் கோயில்தான் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் என்று 1963இல் தேடிக் கண்டு அடையாளம் சொன்னவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார்.

கோயில் தங்கள் எல்லைக்குள் என்று தமிழகம் சொல்கிறது. தங்கள் காப்பகக் காட்டுக்குள் என்று கேரளம் சொல்கிறது. பழைய அளவை வரைபடங்களை இரு பக்கமும் காட்டுகிறார்கள். அங்கேயும் வார்த்தை, கோடு, தண்ணீர், நடத்தை என்ற நாலும்தான்.

அந்த முகட்டிலிருந்து பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். அதே மலைத்தொடரின் அடியைக் குடைந்துதான் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே வருகிறது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் அணை. மேற்கே போக வேண்டிய ஆற்றை மறித்து, நீர்பிரிமேட்டில் ஓட்டை போட்டு வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். இயற்கை இழுத்த கோட்டை மனிதன் ஒரு சுரங்கத்தால் தாண்டிவிட்டான். அதே முகட்டின் மேல் நிற்கும் கோயிலுக்கு மட்டும் ஒரு கோடு இன்னும் தாண்ட முடியாததாக இருக்கிறது.

வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, பக்தர்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப். இல்லையென்றால் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்து ஏற்றம். நான் ஏறியது பளியன்குடி வழி. மேலே போய்ச் சேரும்போது காற்று ஆளைத் தள்ளும். சுண்ணாம்பில்லாமல் அடுக்கிய பெரிய கற்சுவரின் இடுக்கில் புல் முளைத்துக் காய்ந்திருந்தது. ஒரு கல் முக்கால்வாசி வெளியே வந்து, அடுத்த மழைக்கு விழுவேன் என்பதுபோல நின்றது. அதை ஒட்டியே ஒரு பெண் மஞ்சள் கயிற்றையும் கண்ணாடி வளையலையும் வைத்துக் கும்பிட்டாள். மாலைக்குள் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அதன்பின் அடுத்த சித்திரை வரை அந்தக் கல் மழையோடும் யானையோடும் தனியாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு நாள் எப்படி நடக்கிறது என்பதில்தான் வழி இருப்பதாக நான் நம்புகிறேன். திருவிழாவுக்கு முன் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசுகின்றன. இரு மாநிலக் காவலர்களும் நிற்கிறார்கள். தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசை நடக்கிறது. எல்லை யாருடையது என்ற கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. வக்கீல்கள் பத்திரத்தில் எழுதும் ஒரு தொடர் உண்டு: “இருவர் உரிமைக்கும் பாதகமில்லாமல்.” நான் இதைச் செய்வதால் இது என்னுடையது என்று ஆகாது, நீ தடுக்காததால் உன் உரிமை போய்விடாது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வது. 1959இல் பன்னிரண்டு நாடுகள் அண்டார்டிகாவுக்கு இப்படித்தான் எழுதின. உரிமை கோரிய நாடுகள் கோரியபடியே இருக்க, ஆராய்ச்சி நடக்கிறது, அங்கே செய்யும் எதுவும் யாருடைய உரிமைக்கும் சாட்சி ஆகாது.

ஒரு நாள் பூசைக்கு எட்டிய இந்த ஏற்பாட்டை, சரியும் கல்லை நிமிர்த்தவும் நீட்ட முடியாதா? இரு மாநிலத் தொல்லியல் துறையும் மத்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து, பாதகமில்லாமல் என்று முதல் வரியில் எழுதி, சுவரைப் படமெடுத்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, வெளியே வந்த கல்லை உள்ளே தள்ளி, காட்டுக்கும் விலங்குக்கும் தொல்லையில்லாமல் இறங்கி வருவதற்குச் சில வாரங்கள் போதும். எல்லை வழக்கு அதன்போக்கில் நடக்கட்டும்.

அக்கா மகள் கடைசியாக ஒன்று கேட்டாள். “மாமா, அந்தக் கோயில் சுவர் மேல விழுற மழை எந்தப் பக்கம் போகும்?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் போனது மழையில்லாத நாள். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு அவளையும் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சித்திரையில் பிற்பகலில் அங்கே மழை வருவதுண்டு. வந்தால் இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்தச் சுவர் ஓரம் நின்று பார்க்க வேண்டும் என்பது அவள் போட்டிருக்கும் நிபந்தனை.